80ஆம் போர்ட் மூடிய இரவு: ட்ரஃபிக்குடன் மூன்று ஆண்டுகள்

மூதூரில் இணையதளங்கள் அமைத்துக் கொடுக்கும் நண்பர் கடந்த வாரம் தொலைபேசியில் கேட்டார்: "ட்ரஃபிக் போட்டுவிட்டால் எஸ்.எஸ்.எல். கவலை தீர்ந்துவிடுமா?" எஸ்.எஸ்.எல். என்பது தளத்துக்கும் உலாவிக்கும் இடையிலான தொடர்பைப் பூட்டிவைக்கும் ஏற்பாடு; அதற்கான சான்றிதழ்களைத் தானாகவே பெற்றுப் புதுப்பிப்பது ட்ரஃபிக் (Traefik) என்ற வாயில் மென்பொருள். தீரும் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதில் அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளின் பதிவுத் தளங்கள் பன்னிரண்டை ஒரே சேர்வரில் டொக்கர் கொள்கலன்களாக (ஒன்றோடொன்று கலக்காத தனித்தனிப் பொதிகளாக) ஓட்டுகிறேன். எல்லாவற்றுக்கும் வாசலில் நிற்பது ட்ரஃபிக். புதிய தளம் வந்தால் டொக்கரின் அமைப்புக் கோப்பான கம்போஸ் கோப்பில் நான்கைந்து லேபிள் வரிகள் எழுதினால் போதும். கொள்கலன் எழுந்த சற்று நேரத்தில் இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ் வந்து சேர்ந்துவிடும். மூன்று ஆண்டுகள் கழிந்தும் அந்தப் பூட்டுக் குறி தோன்றும் கணம் எனக்கு அலுக்கவில்லை.

ஆனால் 2025 ஆகஸ்டை மறக்க முடியவில்லை. எங்கள் கரையில் விடுதிகள் நிரம்பி வழியும் காலம். ஒரு வெள்ளிக்கிழமை இரவு நிலாவெளி விடுதிக்காரர் அழைத்தார். "தம்பி, ஜேர்மனியிலிருந்து அறை பதியப் பார்த்தவர்கள் நம் தளம் ஆபத்தானது என்று வருவதாகச் சொல்கிறார்கள்."

சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. சேர்வரை வாடகைக்குத் தரும் நிறுவனம் பாதுகாப்பு என்ற பெயரில், பூட்டில்லாத சாதாரண இணைப்புகள் வரும் வாசலான 80ஆம் போர்ட்டை மூடியிருக்கிறது; ஒரு வரி அறிவிப்பும் இல்லை. பூட்டுக் குறியோடு வரும் இணைப்புகளுக்கான 443 திறந்திருந்ததால் தளங்கள் வழக்கம்போல ஓடின. தளப் பெயர் நம்முடையது என்று நிரூபிக்க நான் வைத்திருந்ததோ எச்டிடிபி-01 முறை. லெட்ஸ் என்கிரிப்ட் 80ஆம் போர்ட் வழியாக வந்து டோக்கன் என்ற அடையாளச் சொல்லைப் படித்தால்தான் அந்தப் பெயர் நம்முடையது என்று ஒப்புக்கொள்ளும். 90 நாள் சான்றிதழை ட்ரஃபிக் கடைசி 30 நாள்களில் தினமும் புதுப்பிக்க முயலும். அத்தனை நாளும் முயன்று, தோற்று, ஒவ்வொரு தோல்வியையும் லொக்கில் (நிகழ்வுப் பதிவேட்டில்) எழுதிவைத்திருந்தது. முன்பு காலாவதி நெருங்கினால் லெட்ஸ் என்கிரிப்டிலிருந்து மின்னஞ்சல் வரும். அந்தச் சேவை அதே ஆண்டு ஜூன் 4 அன்று நிறுத்தப்பட்டது. நன்றாக ஓடும் தளத்தின் லொக்கை யார் தினமும் திறந்து பார்க்கிறார்கள்?

பதற்றத்தில் திரும்பத் திரும்ப முயன்றேன். லெட்ஸ் என்கிரிப்டில் ஒரு பெயருக்கு மணிக்கு ஐந்து தோல்விகள்தான் வரம்பு; அதையும் தொட்டேன். பிறகு சான்றிதழ்கள் இருந்த ஆக்மி ஜேசன் கோப்பை அழித்தேன். அது நான் செய்த பெரும் தவறு. காலாவதியாகாத மற்றப் பதினொரு சான்றிதழ்களும் அதற்குள்தான் இருந்தன. சனிக்கிழமை நண்பகலில் போர்ட் திறக்கும்வரை பன்னிரண்டு தளங்களிலும் சிவப்பு எச்சரிக்கை.

இப்போது டிஎன்எஸ்-01 முறைக்கு மாறிவிட்டேன். டிஎன்எஸ் என்பது தளப் பெயரைச் சேர்வர் முகவரியோடு இணைக்கும் பெயரேடு; அதில் இடும் டிஎக்ஸ்டி பதிவு என்ற எழுத்துக் குறிப்பு ஒன்றே சாட்சி; எந்தப் போர்ட்டும் திறந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் டிஎன்எஸ் முழுவதையும் மாற்றக்கூடிய சாவி சேர்வரில் கிடக்கிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு சிறு ஸ்கிரிப்ட், வேறொரு கணினியிலிருந்து ஒவ்வொரு தளத்தின் காலாவதித் திகதியையும் பார்க்கிறது. 20 நாள்களுக்குக் குறைந்தால் என் கைபேசிக்குச் செய்தி வரும். அன்றிலிருந்து ஒரு தளமும் தவறவில்லை.

நண்பரே, "தீரும்" என்றதைத் திரும்பப் பெறுகிறேன். சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2029 மார்ச்சில் 47 நாள்களாகச் சுருங்கப்போகிறது. அப்போது கையால் செய்து மாளாது என்பதும் தெரியும். இருந்தும் அந்தக் காலைச் சோதனையை எழுதி முடிக்கும்வரை ட்ரஃபிக் போடாதீர்கள், நாள்காட்டியில் குறித்துவைத்துக் கையாலேயே புதுப்பியுங்கள். நான் ட்ரஃபிக்கை விடப்போவதில்லை. வாடகை முடிந்ததும் அந்தச் சேர்வரைத்தான் விடப்போகிறேன்.