போல்சானோ, மெரானோ பக்கம்: கிராவல் சைக்கிளுக்கு எந்தப் பாதை?

வட இத்தாலியின் தெற்கு டிரோலில் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று சொன்னால், எல்லோரும் முதலில் கைகாட்டுவது வால் வெனோஸ்டா பள்ளத்தாக்கைத்தான். மெரானோவிலிருந்து மாலெஸ் வரை ரயிலில் ஏறிப் போய், அங்கிருந்து ஆடிஜே ஆற்றோடு இறங்கி வருவது. நல்ல பாதைதான், மறுக்கவில்லை. ஆனால் கிராவல் சைக்கிளோடு, அதாவது கப்பிக்கல் ரோட்டிலும் ஓடும் அகல டயர் சைக்கிளோடு, போகிறவருக்கு அதை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன். அங்கே கப்பி ரோடு குறைவு, தார் ரோடுதான் அதிகம்.

ஊர்ப்பலகைகளில் ஜெர்மன், இத்தாலியன் என்று இரண்டு பெயர்கள் இருக்கும். குழப்பம் வேண்டாமென்று இங்கே பெரும்பாலும் இத்தாலியப் பெயர்களையே எழுதுகிறேன்.

போல்சானோ கடல் மட்டத்திலிருந்து 262 மீட்டர் உயரம்தான். மெரானோ அதைவிடக் கொஞ்சம் மேலே. வடக்கே நிற்கும் மலைகள் குளிரை மறித்துவிடுகின்றன, தெற்குப் பக்கம் திறந்து கிடக்கிறது. மெரானோவின் நடைபாதை ஓரங்களில் பனைவகை மரங்களைப் பார்க்கலாம். மேலே மலையெல்லாம் வெள்ளையாக இருக்கும் மார்ச்சிலேயே கீழே சைக்கிளை எடுத்துவிடலாம். சமதரை முழுக்க ஆப்பிளும் திராட்சையும்தான். வருமானம் நன்றாக வரும் விவசாயம் என்பதால் தோட்டத்துக்குள் போகும் வழிகளுக்குக்கூட டிராக்டர் ஓடத் தார் போட்டிருக்கிறார்கள். கப்பி வேண்டுமென்றால் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்கும் உயரத்துக்குப் போக வேண்டும். ஆகவே இங்கே சொல்லப்போகும் நான்கு பாதைகளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: எவ்வளவு ஏறினால் எவ்வளவு கப்பி?

வால் வெனோஸ்டாவில் ஏற வேண்டியதே இல்லை, அந்த வேலையை ரயில் செய்துவிடும். 1906-இல் திறந்து, 1990-இல் மூடி, 2005-இல் மறுபடி ஓடத் தொடங்கிய பாதை அது. மாலெஸ் ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. அங்கிருந்து மெரானோ வரை அறுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், எழுநூறு மீட்டர் இறக்கம். மதில் சூழ்ந்த குளோரென்சா, சலவைக்கல்லுக்குப் பேர் போன லாசா என்று வழியில் பார்க்க நிறைய உண்டு. ஆல்ப்ஸிலேயே மழை மிகக் குறைவாகப் பெய்யும் பள்ளத்தாக்குகளில் ஒன்று என்பதால், மற்ற இடங்களில் மழை கொட்டும் நாளிலும் இங்கே தப்பித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அந்த வறட்சியால்தான் மலைச்சரிவில் பழங்காலப் பாசன வாய்க்கால்கள் ஓடுகின்றன. அவற்றை ஒட்டிய மண்பாதைகளைப் பார்த்தால் சைக்கிளைத் திருப்பத் தோன்றும். வேண்டாம். பெரும்பாலானவை நடப்பவர்களுக்கு மட்டும்.

ஏப்ரலில் ஆப்பிள் பூக்கும்போது போகிறவர்களுக்கு ஒரு விஷயம். உறைபனி விழும் இரவுகளில் பூவைக் காப்பாற்ற விவசாயிகள் தண்ணீர் தெளிப்பார்கள். பூவைச் சுற்றி ஐஸ் கட்டி, அந்த ஐஸே உள்ளே இருக்கும் பூவைக் கருகவிடாமல் காக்கும். பார்க்க அற்புதம், ஆனால் அதிகாலையில் பக்கத்துப் பாதையும் வழுக்கும். பூச்சிமருந்து தெளிக்கும் காலமும் கிட்டத்தட்ட இதுதான். மாலெஸ் மக்கள் 2014-இல் வாக்கெடுப்பு நடத்தி, முக்கால்வாசிப் பேர் பூச்சிமருந்துக்கு எதிராக வாக்களித்தது சும்மா இல்லை.

சரி, குடும்பத்தோடு போகிறவர்களும் சாலை டயரோடு வருகிறவர்களும் கண்ணை மூடிக்கொண்டு வால் வெனோஸ்டாவையே எடுக்கலாம். கிராவல் டயருக்கு அங்கே வேலை கம்மி.

இரண்டாவது அப்பியானோ, கால்டாரோ பக்கம். போல்சானோவிலிருந்து 1898-இல் போட்ட ரயில் பாதை இப்போது சைக்கிள் பாதை. ஏற்றம் இருப்பதே தெரியாது, ஆனால் இதுவும் தார்தான். விஷயம் அதற்கு அப்புறம் இருக்கிறது. பாதையை விட்டு மோன்டிகோலோ காட்டுக்குள் திரும்பினால் ஓக்கும் பைனும் கலந்த காடு, இரண்டு சிறிய ஏரிகள், நடுவில் வலைபோலப் பின்னிக் கிடக்கும் கப்பிச் சாலைகள். காடு சுமார் 500 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. ஆக இருநூறு, முந்நூறு மீட்டர் ஏறினாலே நல்ல கப்பி. பிறகு கால்டாரோ ஏரிக்கு இறங்கி, ஆற்றங்கரைப் பாதை வழியாகத் திரும்பினால் மொத்தம் ஐம்பது கிலோமீட்டர் வாக்கில் வரும். குறை ஒன்றுதான்: கோடையில், அதுவும் சனி ஞாயிறில், ஏரியில் குளிக்க வரும் கூட்டம். மற்றபடி மார்ச், நவம்பர் மாதங்களுக்கு இதைவிட நல்ல பாதை இந்தப் பக்கம் இல்லை.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நான் கைகாட்டுவது மூன்றாவதை: போல்சானோவுக்குத் தெற்கே இருக்கும் ஓராவிலிருந்து சான் லுகானோ கணவாய்க்கு ஏறும், ஃபியெம்மே பள்ளத்தாக்குக்குப் போன பழைய ரயில் தடம். (சுவிட்சர்லாந்து லுகானோ வேறு.) முதல் உலகப்போரில், மலைப் போர்முனையில் நின்ற படைகளுக்குச் சாமான் கொண்டுபோக ஆஸ்திரிய ராணுவம் அவசர அவசரமாகப் போட்ட பாதை இது. வேலை வாங்கப்பட்டவர்களில் ரஷ்யப் போர்க்கைதிகளும் இருந்தார்கள். 1918-இல் அந்தப் பள்ளத்தாக்கின் பிரெடாட்சோ ஊர் வரை முடிந்தது. ஆனால் அதே ஆண்டில் போரும் முடிந்துவிட்டது. பிறகு மின்சார ரயிலாக ஓடி, 1963-இல் நின்றுபோனது.

ரயிலுக்காக வெட்டிய பாதை என்பதுதான் இதன் பலம். ஓரா 240 மீட்டர் வாக்கில், கணவாய் 1,097 மீட்டர். எண்ணூற்றைம்பது மீட்டருக்கு மேல் ஏற்றம் என்றதும் மலைக்க வேண்டாம். ரயில் செங்குத்தாக ஏறாது, வளைந்து வளைந்துதான் ஏறும். சராசரியாக நூறு மீட்டருக்கு நாலு மீட்டர் ஏற்றம். ஒரே கியரில், ஒரே மூச்சில், பேசிக்கொண்டே போகலாம். காஸ்டெல்ஃபெடர் குன்றின் இடிபாடுகள், மொன்டாக்னா ஊரைச் சுற்றிய திராட்சைக் கொடிகள், பிறகு காடு, குகைப்பாதைகள், கல்பாலங்கள். கீழே தாரும் கப்பியும் மாறி மாறி வரும், மேலே போகப் போகக் கப்பியின் கை ஓங்கும். சைக்கிளில் விளக்கு கட்டாயம் வேண்டும். குகைக்குள் எதிரே ஆள் வருவது கடைசி நொடியில்தான் தெரியும்.

கணவாய்க்கு அப்பால் காவலேஸே பக்கம் இறங்கினால் பள்ளத்தாக்கே மாறிவிடும். திராட்சை போய் ஊசியிலைக் காடு வந்துவிடும். நேரம் இல்லாவிட்டால் கணவாயிலேயே திரும்பிவிடலாம், இறக்கமும் அதே இதமான சரிவுதான். இதில் ஒரு சௌகரியமும் உண்டு. வெயில் நாட்களில் பிற்பகலில் கார்டா ஏரிப் பக்கமிருந்து ஆடிஜே பள்ளத்தாக்கு வழியே தெற்குக் காற்று மேலேறி வரும். காலையில் ஏறி, மதியம் ஓராவுக்கு இறங்கினால், போல்சானோ வரை காற்றே தள்ளிக்கொண்டு போகும். ட்ரென்டோ பக்கம் போகிறவர்கள் அதே காற்றை முகத்தில் வாங்குவார்கள்.

நான்காவது சால்டன் மேட்டுநிலம், போல்சானோவுக்கும் மெரானோவுக்கும் நடுவே மேலே இருக்கிறது. லார்ச் என்ற ஊசியிலை மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும் புல்வெளி, எதிரே டோலோமைட் சிகரங்கள். அழகில் மற்ற மூன்றும் இதற்குக் கிட்டே வர முடியாது. கப்பியின் தரமும் அப்படித்தான். ஆனால் போல்சானோவிலிருந்து சான் ஜெனேசியோ வரை எண்ணூறு மீட்டருக்கு மேல் தார் ரோட்டில் ஏறிய பிறகுதான் அந்தச் சுகம் தொடங்கும். மேடு இன்னும் உயர்ந்து 1,500 மீட்டர் வரை போகும். வில்பியானோவிலிருந்து மெல்டினாவுக்குப் போகும் கேபிள் கார் இந்தச் சிரமத்தைக் குறைக்கும். சைக்கிளை ஏற்றும் விதிமுறையை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. ஞாயிற்றுக்கிழமை நடைபயணிகள் நிறைய வருவார்கள், அன்று வேகமாக ஓட்ட நினைப்பவர் வேறு பாதை பார்க்கலாம்.

சால்டனை மே மாதத்துக்கு முன் நம்ப வேண்டாம், நிழலான இடங்களில் பனி கிடக்கும். லார்ச் மஞ்சளாகும் அக்டோபர் கடைசிதான் அதன் உச்சம். கீழே கிராமங்களில் புது ஒயினும் சுட்ட கஷ்கொட்டையும் கிடைக்கும் காலமும் அதுவே. டயர் 40 மில்லிமீட்டர் இருந்தால் நான்கு பாதைகளுக்கும் போதும். சால்டனுக்கு மட்டும், முன் பல்சக்கரத்துக்குச் சமமான பெரிய பின் பல்சக்கரம் இல்லாமல் கிளம்பாதீர்கள்.