ரெக்கார்டிங்குக்கு எது வாங்கலாம்: ட்யூனர் கார்டா, நெட்வொர்க் ட்யூனரா?

அமெரிக்காவுல ஆன்டெனா மாட்டி லோக்கல் சேனலை வீட்லயே ரெக்கார்ட் பண்ணணும்னா முக்கியமா ரெண்டு வழி இருக்கு, ரெண்டுலயும் சேனலைப் பிடிக்கிற பாகம்தான் ட்யூனர், ஒரு ட்யூனர் ஒரு நேரத்துல ஒரு சேனல். ஒண்ணு ட்யூனர் கார்டு, ஹாப்பாக் கம்பெனியோட டூயல்எச்டி மாதிரி யுஎஸ்பி ஸ்டிக்கோ, குவாட்எச்டி மாதிரி கம்ப்யூட்டருக்குள்ள சொருகுற கார்டோ. இன்னொண்ணு நெட்வொர்க் ட்யூனர், சிலிக்கன்டஸ்ட் கம்பெனியோட எச்டிஹோம்ரன், தனி டப்பா, ஒரு பக்கம் ஆன்டெனா கேபிள், மறுபக்கம் ரவுட்டருக்குப் போற ஈதர்நெட் ஒயர், அவ்ளோதான். நான் நியூஜெர்சில இருக்கேன், கார்டை விட்டுட்டு எச்டிஹோம்ரனுக்கு மாறியாச்சு, அதனால அந்தப் பக்கம் சாஞ்சுதான் பேசுவேன்.

படத் தரத்துல வித்தியாசம் தேடாதீங்க. ஸ்டேஷன் அனுப்புற எம்பெக்-2 (வீடியோவைச் சுருக்குற முறை) ஸ்ட்ரீமை ரெண்டுமே அப்படியேதான் எடுத்துக் குடுக்குது. விலை, கார்டுதான் கம்மி.

எல்லாம் வந்து நிக்கிற இடம் டிரைவர்தான், அதாவது கார்டை கம்ப்யூட்டருக்குப் புரிய வெக்கிற சாஃப்ட்வேர். கார்டு வேலை செய்யணும்னா முதல்ல ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு அந்தக் கார்டு தெரியணும், அப்புறம் ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்கும் தெரியணும், இதுல ஒண்ணு மாறினாலும் சிக்கல். என்கிட்ட முன்னாடி வேற ஒரு கம்பெனி கார்டு இருந்துச்சு, லினக்ஸ் கர்னல் அப்டேட் ஆனப்போ ட்யூனர் காணாமப் போய் ராத்திரி ரெக்கார்ட் ஆக வேண்டியது எதுவும் ஆகலை, காலைல பார்த்தா காலி ஃபோல்டர். விண்டோஸ்லயும் இதே கதைதான், 2015ல விண்டோஸ் 10 வந்தப்போ டிவி ரெக்கார்ட் பண்ற மீடியா சென்டரையே எடுத்துட்டாங்க, அதை நம்பி கார்டு வாங்கிட்டு 10க்கு மாறினவங்க எல்லாரும் வேற சாஃப்ட்வேர் தேட வேண்டியதாப் போச்சு. சினாலஜி நாஸ்ல (வீட்டு நெட்வொர்க்ல ஃபைல் வெக்கிற டப்பா) அதோட ஆபரேட்டிங் சிஸ்டம் டிஎஸ்எம் 7 வந்ததும் யுஎஸ்பி டிவி ஸ்டிக் சப்போர்ட்டே போயிடுச்சு.

எச்டிஹோம்ரன்ல இந்தத் தொல்லை கிடையாது, ஏன்னா கம்ப்யூட்டர்ல டிரைவர்னு ஒண்ணு தேவையே இல்ல. டப்பாவோட ஐபி அட்ரஸ் தெரிஞ்சா பிரவுசர்லயே சேனல் லிஸ்ட் வந்துடும், ஒவ்வொரு சேனலும் 5004 போர்ட்ல ஒரு சாதாரண எச்டிடிபி லிங்க், விஎல்சி ப்ளேயர்ல போட்டாகூட ஓடும். உள்ள என்ன சிப் இருக்குன்னு சாஃப்ட்வேருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்ல. நான் ப்ளெக்ஸ்ங்கிற மீடியா சர்வர் சாஃப்ட்வேர்லேர்ந்து ஜெல்லிஃபின்ங்கிற இன்னொண்ணுக்குப் போனப்போ ஆன்டெனாவையும் தொடலை, ட்யூனரையும் தொடலை. ஜெல்லிஃபின் நேரடியா ஏத்துக்கிறது எச்டிஹோம்ரனும், சேனல் லிங்க்கெல்லாம் அடுக்கின எம்3யூ லிஸ்ட்டும் மட்டும்தான், உள்ள சொருகின கார்டுன்னா நடுவுல டிவிஹெட்எண்ட், நெக்ஸ்ட்பிவிஆர் மாதிரி இன்னொரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேரும் ஓட்டணும். சாஃப்ட்வேரை டாக்கர்ல, அதாவது கன்டெய்னர்ங்கிற தனித் தடுப்புக்குள்ள ஓட்டுறவங்க, கார்டுன்னா டிவைஸையும் அந்தக் கன்டெய்னருக்குள்ள அனுப்பி பர்மிஷனோட மல்லுக்கட்டணும், எச்டிஹோம்ரன்ல அந்த வேலையும் இல்ல.

இன்னொரு நல்லது, சர்வர் (ரெக்கார்ட் பண்ற கம்ப்யூட்டர்) எங்க இருக்கோ அங்கதான் ஆன்டெனா கேபிள் வரணும்னு இல்ல. டப்பாவை ஆன்டெனா பக்கத்துலயே மேல் அட்டிக்ல வெச்சுடலாம், கேபிள் நீளம் குறைஞ்சா சிக்னல் இழப்பும் குறையும். ஆனா சர்வருக்கு ஒயர் கனெக்ஷன் கட்டாயம், வைஃபைல ரெக்கார்ட் பண்ணா படம் கட்டம் கட்டமா உடைய வாய்ப்பு இருக்கு. ஒரு ஏடிஎஸ்சி 1.0 (இங்க ஆன்டெனா டிவி வர்ற டிஜிட்டல் முறை) சேனல் அதிகபட்சம் 19.39 எம்பிபிஎஸ், நாலு ஒரே நேரத்துல ஓடினாலும் 78க்குள்ளதான், 100 எம்பிபிஎஸ் ஒயரே தாங்கும்.

கார்டு சரிவர்றது யாருக்குன்னா, ஒரே விண்டோஸ் கம்ப்யூட்டர், அதுல நெக்ஸ்ட்பிவிஆர், ஒரே டிவி, எதையும் மாத்தப் போறதில்லன்னு இருக்கறவங்களுக்கு. ரவுட்டர் படுத்தாலும் ரெக்கார்டிங் நிக்காது, தனி பவர் அடாப்டரும் வேணாம். குவாட்எச்டியை நண்பர் வீட்ல பார்த்த அளவுதான், ப்ளெக்ஸோட நல்லாவே ஓடுச்சு.

அடுத்த தலைமுறையான ஏடிஎஸ்சி 3.0க்காக எச்டிஹோம்ரன் ஃப்ளெக்ஸ் 4கே வாங்கணுமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. என் அனுபவம் 1.0 மட்டும்தான். ஆனா 3.0ல நிறைய ஸ்டேஷன் டிஆர்எம்ங்கிற காப்பித் தடுப்புப் பூட்டு போட்டு அனுப்புது, ஆடியோவும் ஏசி-4ங்கிற புது ஃபார்மேட், எல்லா சாஃப்ட்வேரும் அதை எடுக்காது, அதனால உங்க ஊர்ல எது பூட்டு இல்லாம வருதுன்னு பார்த்துட்டு காசு போடுங்க.

இங்க வாங்கி சென்னைக்குக் கொண்டு போற ஐடியா இருந்தா வேண்டாம். இது ஏடிஎஸ்சி, அங்க தூர்தர்ஷன் ஆன்டெனாவுக்கு டிஜிட்டல்ல அனுப்புறது டிவிபி-டி2ங்கிற வேற முறை, மத்த சேனலெல்லாம் கேபிள்லயும் டிடிஎச்லயும்தான் வருது.

எத்தனை ட்யூனர்னு கேட்டா நாலே வாங்குங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சிபிஎஸ்ல ஒரு மேட்ச், ஃபாக்ஸ்ல ஒரு மேட்ச், பசங்களுக்கு பிபிஎஸ்னு வந்துட்டா ரெண்டு ட்யூனர் பத்தாது.