எல்டன் ரிங்: சண்டை அருமை, சொல்லித்தருவதில் மட்டும் கஞ்சத்தனம்

2022-இல் வெளிவந்து அந்த வருடத்தின் சிறந்த கேம் விருதை வாங்கிய எல்டன் ரிங் என்ற வீடியோ கேமைப் பற்றி, அதன் உலகம், கதை, காட்சி என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் ஆயுதத்தையும் சண்டையையும் மட்டும் பேசுகிறேன். ஏனென்றால் பாதியில் விட்டுவிட்டுப் போனவர்களில் பலர் கேம் கஷ்டம் என்று சொல்கிறார்கள், ஆனால் கொஞ்சம் கேட்டுப் பார்த்தால் அடிப்படை விஷயங்களே அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்று தெரியும். அதில் பாதிக் குற்றம் கேமின் மேல்தான்.

ஆரம்பத்தில் ஒரு பள்ளத்தின் ஓரத்தில் ஒரு ஆவி உட்கார்ந்து கீழே குதி என்று சொல்லும். குதித்தால்தான் பயிற்சிக் குகை. யாராவது குதிப்பார்களா? நேராகக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுகிறார்கள், அங்கே சொல்லித்தருகிற கார்ட் கவுண்ட்டர் என்ற ஒன்று இருப்பதே கடைசி வரை தெரியாது. கேடயத்தில் அடியைத் தாங்கிய உடனே ஹெவி அட்டாக் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு அடி எதிரியின் நிலையைக் குலைக்கும், இரண்டு மூன்று தடவை சரியாக விழுந்தால் அவன் மண்டியிட்டுவிடுவான், அப்போது கிட்டே போய் ஒரு பெரிய குத்து குத்தலாம். புதிதாக ஆடுகிறவர்களுக்கு இதைவிடப் பாதுகாப்பான வழி இந்த கேமில் இல்லை. ஆனால் நிலை எவ்வளவு குலைந்திருக்கிறது என்று காட்ட திரையில் ஒரு கோடுகூடக் கிடையாது, நாமே மனதில் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டியதுதான். குதித்து அடிக்கும் ஹெவியும், பட்டனை அழுத்திப் பிடித்து விடும் ஹெவியும் இதே வேலையைச் செய்யும். கேடயம் பிடிக்காதவர்கள் அந்தப் பக்கம் போகலாம்.

எந்த ஆயுதம் நல்லது? எனக்குப் பிடித்த விஷயமே இதற்கு ஒற்றைப் பதில் இல்லாததுதான். டேமேஜ் எண்ணைப் பார்த்து வாள் எடுக்காதீர்கள், வீச்சு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஈட்டி கேடயத்தை உயர்த்தியபடியே குத்தும், அதனால் பயந்து பயந்து ஆடுகிறவர்களுக்குச் சரி. கட்டானா என்ற ஜப்பானிய வாள் வேகம், அதில் பலவற்றுக்கு ரத்தக்கசிவும் உண்டு, அடிக்க அடிக்க அதன் அளவு நிரம்பியதும் எதிரியின் மொத்த உயிரில் ஒரு பங்கை அப்படியே பிடுங்கிவிடும், பாஸ் என்கிற பெரிய எதிரிகளிடம் இது தங்கம். எலும்புக்கூடுகளிடம் ஒன்றும் நடக்காது, அவற்றுக்கு ரத்தமே இல்லையே. சுரங்கங்களில் வரும் கல் உடம்புக்காரர்களை வாளால் வெட்டினால் வாள்தான் எகிறும், அங்கே ஒரு சாதாரணக் கதாயுதம் போதும். பெரிய வாள்கள் மெதுவானவை, ஆனால் வீசிக்கொண்டிருக்கும்போது சின்ன அடிகள் நம்மை நிறுத்தாது, அந்தச் சுகம் தனி.

ஆயுதத்தின் கீழே இருக்கும் இ முதல் எஸ் வரையான எழுத்துகள், நம் ஸ்டாட், அதாவது பலம் போன்ற திறன் எண்கள், ஏறும்போது அடி எவ்வளவு கூடும் என்பதற்கு. முதல் சில மணிநேரம் இதைக் கண்டுகொள்ள வேண்டாம், ஆயுதத்தை மேம்படுத்துவதும் உயிருக்கான விகரை ஏற்றுவதும்தான் அப்போது முக்கியம். இன்னொன்று, இரண்டு கையாலும் பிடித்தால் பலத்துக்கான ஸ்ட்ரெங்த் ஒன்றரை மடங்காகக் கணக்கில் வரும், 30 கேட்கும் ஆயுதத்தை 20 வைத்துக்கொண்டே தூக்கலாம். ஒரு சின்ன எரிச்சல்: இடது கையில் பேரி, அதாவது எதிரியின் அடியைத் தட்டிவிடும் திறன், உள்ள கேடயம் இருந்தால் வாளின் சிறப்புத் திறன் பட்டனுக்கு வராது, பேரிதான் வரும். திறன் இல்லை என்று எழுதியிருக்கும் கேடயத்தை எடுத்துக்கொண்டால் தீர்ந்தது. இதைக் கேம் எங்காவது நேராகச் சொல்லியிருக்கலாம்.

போட்டிருக்கும் ஆயுதம், கவசம் எல்லாவற்றின் எடை நாம் தாங்கக்கூடிய அளவில் 70 சதவீதத்தைத் தொட்டால் ரோல், அதாவது அடிக்குத் தப்ப உருளுவது, கனமாகி எதற்கும் உதவாது, 30-க்குக் கீழே போனால் லேசான ரோல் கிடைக்கும், நடுவில் இருப்பதே பெரும்பாலும் போதும். பின்னால் ரோல் போகிற பழக்கத்தை விடுங்கள். அடியை நோக்கி, எதிரியின் உடம்பை ஒட்டிப் போனால்தான் பெரும்பாலான வீச்சுகள் தலைக்கு மேலே போகும். முதல் பெரிய பாஸ் மார்கிட் தடியை ஓங்கிக்கொண்டு வேண்டுமென்றே தாமதிப்பான், ஓங்கியதும் உருளுகிறவன் அடி வாங்குவான். ஓங்குவதைப் பார்த்தல்ல, இறங்குவதைப் பார்த்து பட்டனை அழுத்துங்கள்.

இப்போது என் பெரிய குறை. இத்தனை ஆயுதங்களைக் கொட்டிவிட்டு, மாற்றிப் பார்க்க மட்டும் கேம் விடாது. சாதாரண ஆயுதத்தை 25 நிலை வரை மேம்படுத்தலாம், சிறப்பு ஆயுதத்தை 10 வரை, ஒவ்வொன்றுக்கும் அதற்கான கற்கள் வேண்டும். பாதி வழியில் ஒரு நல்ல கோடரி கிடைக்கும், ஆனால் கல் எல்லாம் ஏற்கெனவே பழைய வாளில் போயிருக்கும், அப்புறம் என்ன, கோடரி பெட்டியில் தூங்கும். கடையில் புதிய சரக்கைத் திறந்துவிடும் பெல் பேரிங் பொருட்களைத் தேடிக் கண்டுபிடித்து, ரவுண்ட்டேபிள் என்ற பாதுகாப்பான கூடத்தில் இருக்கும் இரட்டைக் கிழவிகளிடம் கொடுத்தால் கற்களைக் காசுக்கு வாங்கலாம், ஆனால் அவை சுரங்கங்களிலும் மூலைமுடுக்குகளிலும் கிடக்கின்றன, தற்செயலாகக் கண்ணில் படுவது கடினம். அதுவரை எல்லாச் சாதாரண ஆயுதத்தையும் 3 வரை மட்டும் ஏற்றி வீசிப் பாருங்கள், அதற்கான கல் ஆரம்பப் பகுதிகளிலேயே நிறைய உண்டு, கை பழகிய ஒன்றை மட்டும் மேலே கொண்டு போங்கள்.