வேலியை இறுக்குவதா, வாசலைத் திறப்பதா? இரண்டிலும் இருந்து பார்த்தவன் எழுதுகிறேன்

2025 பிப்ரவரி 5ஆம் தேதி அமெரிக்க ராணுவ விமானம் ஒன்று 104 இந்தியர்களை அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கியது. வழியெல்லாம் கையில் விலங்கு, காலில் சங்கிலி. அந்தச் செய்தியைப் புதுவயல் டீக்கடையில் ஒருவர் போனில் ஓடவிட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். "திருட்டுத்தனமாப் போனா அப்படித்தான் அனுப்புவான், அது அவன் நாடு" என்றார் ஒருவர். "பொழைக்கப் போனவன் கொலையா பண்ணினான்?" என்றார் இன்னொருவர். நான் வாயைத் திறக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மலேசியாவில் 2009 முதல் 2018 வரை இருந்தேன். முதல் இரண்டரை வருடம் காகிதம் இல்லாதவன். அப்புறம் பெர்மிட்காரன், அதாவது அரசு கொடுத்த வேலை அனுமதி உள்ளவன். ஊர் அதே கிள்ளான், கடை அதே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, நான் நின்ற அடுப்பும் அதே அடுப்பு. அரசாங்கம் என்னை நடத்திய முறை மட்டும்தான் மாறியது. அதனால் இந்த இரண்டு கொள்கைகளையும் ஒப்பிட எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

முதல் வழி, காவலை இறுக்குவது. வேலி, ரோந்து, சோதனை, சிறை, நாடு கடத்தல். இரண்டாவது, உள்ளே இருப்பவனைக் கணக்கில் எடுத்துக் காகிதம் கொடுப்பது, வெளியே நிற்பவனுக்கு முறையான வேலை வாசல் ஒன்றைத் திறந்து வைப்பது. நான் இரண்டாவதன் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காவலை இறுக்கினால் ஆட்கள் வருவது குறையுமா? குறையும். 2025இல் அமெரிக்காவின் தெற்கு எல்லையில் பிடிபடுவோர் எண்ணிக்கை பல பத்தாண்டுகளில் இல்லாத அளவுக்கு இறங்கியது. ஒரு நாட்டுக்குள் யார் வரலாம் என்று முடிவு செய்யும் உரிமை அந்த நாட்டுக்கு இருக்கிறது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஓரிடத்தில் அடைத்தால் இன்னோரிடத்தில் கசியும். 1994இல் சான் டியாகோ பக்கம் காவலைப் பலப்படுத்தியபோது ஆட்கள் அரிசோனா பாலைவனத்துக்கு மாறினார்கள். அந்த வெயிலில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

தவிர, வேலி என்றதும் எல்லோரும் ஏறிக் குதிப்பவனைத்தான் நினைக்கிறார்கள். நான் எதையும் ஏறிக் குதிக்கவில்லை. திருச்சியில் விமானம் ஏறி, கோலாலம்பூரில் இறங்கி, வரிசையில் நின்று, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கித்தான் உள்ளே போனேன். சுற்றிப் பார்க்கும் விசா, முப்பது நாள். "இறங்கின வாரமே பெர்மிட் போட்டுடலாம்" என்று இங்கே காரைக்குடிப் பக்கத்து ஏஜென்ட் ஒருவர் சொன்னதை நம்பி, வட்டிக்கு வாங்கிய 90,000 ரூபாயைக் கொடுத்திருந்தேன். முப்பத்தோராவது நாள் காலையிலும் நான் அதே அடுப்பில்தான் சாம்பார் கூட்டிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து குற்றவாளி. எத்தனை உயரச் சுவர் எழுப்பினாலும் என்னை அது தடுத்திருக்காது. அமெரிக்காவிலும் காகிதம் இல்லாமல் இருப்பவர்களில் ஏறத்தாழ பத்துக்கு நான்கு பேர் இப்படி முறையான விசாவில் நுழைந்து தங்கிவிட்டவர்கள் என்றுதான் மதிப்பிடுகிறார்கள்.

மலேசியச் சட்டம் கடுமையானது. திருட்டுத்தனமாக நுழைந்தவனுக்கு 10,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை, ஆறு பிரம்படி வரை உண்டு. நாள் கடந்து தங்கியவனுக்குப் பிரம்படி இல்லை. ஆனால் அபராதம் 10,000 வெள்ளிக்குக் குறையாது, சிறையும் ஐந்து வருடம் வரை போகலாம். இதெல்லாம் எங்களுக்கு மனப்பாடம். தூங்கும்போது செருப்பைத் தலைமாட்டில்தான் வைப்போம், வாசல் பக்கம் விடமாட்டோம். சட்டைப் பையில் பாஸ்போர்ட் நகல், பிளாஸ்டிக் உறைக்குள். ஒருநாள் ராத்திரி பக்கத்துக் கடையில் சோதனை என்று சத்தம் கேட்டதும் மளிகை அறைக்குள் போய் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். வெளியே வந்தபோது பொழுது விடிந்திருந்தது. சட்டையெல்லாம் தவிடு.

இவ்வளவு பயந்தவன் ஏன் ஊருக்குத் திரும்பவில்லை என்று கேட்பீர்கள். என்னைப் பொறுத்தவரை இரண்டு வழிகளுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

2010 ஐப்பசியில் அப்பா இறந்துபோனார். தம்பி போன் பண்ணினான். கையெல்லாம் மாவு, போனைக் கிரைண்டர் மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். அந்தப் பக்கம் ஒப்பாரி. "அண்ணே, கொள்ளி யாரு வைக்கிறது, சொல்லு" என்றான். மூத்தவன் நான். பிடிபட்டு ஊர் வந்தால் அபராதத்துக்கு ஒரு கடன், போய்த் திரும்ப முடியாததால் பழைய கடனும் தலைமேல். "நீயே வச்சிடுப்பா" என்றேன். மத்தியானப் பந்திக்கு அன்றைக்கு நாற்பது இலை. போட்டு முடித்தேன்.

காவல் இறுக இறுக, உள்ளே இருப்பவன் வெளியே போகப் பயப்படுகிறான். இது டீக்கடைப் பேச்சில் வராத விஷயம். போனால் மறுபடி வர வழி இல்லை என்று தெரிந்த மனிதன், நல்லது கெட்டது எதற்கும் அசையாமல் அங்கேயே கிடப்பான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் டக்ளஸ் மாஸி மெக்சிகோ கிராமங்களில் பல ஆண்டுகள் ஆராய்ந்து கண்டதும் இதுதான். முன்பெல்லாம் மெக்சிகோக்காரர்கள் அமெரிக்காவுக்கு அறுவடைக்குப் போவார்கள், சம்பாதித்துக்கொண்டு வீடு திரும்புவார்கள். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க எல்லைக் காவலர்கள் ஏறத்தாழ 4,000 பேர். 2010 வாக்கில் அது 20,000ஐத் தாண்டிவிட்டது. கடப்பதற்குச் செலவும் ஆபத்தும் ஏறியதும் அவர்கள் திரும்புவதை நிறுத்திவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளையும் அங்கேயே வரவழைத்துக்கொண்டார்கள். வராமல் தடுக்கப் போட்ட வேலி, போகாமலும் தடுத்துவிட்டது.

நம் பக்கத்துக்கு இது புரியாத விஷயமே இல்லை. எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பினாங்கில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் (வட்டிக்கடைக்காரர்கள் தங்கித் தொழில் செய்த கட்டடம்) சமையல் பார்த்தவர். செட்டியார்களின் கடையை நடத்த அங்கே கொண்டுவிக்கப் போன ஏஜென்டுகளுக்கு மூன்று வருடத் தவணை. தவணை முடிந்ததும் ஊர், கல்யாணம், வீட்டுவேலை, அப்புறம் மறுபடி கப்பல். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினால் பினாங்கு. திரும்பிப் போகலாம் என்ற உறுதி இருந்ததால்தான் திரும்பி வந்தார்கள். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் நிற்கிற அந்த வீடுகள் போய்வந்த பணத்தில் எழுந்தவை. 1953இல் மலாயாவில் குடிநுழைவுச் சட்டம் இறுகியபோது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முடிவெடுக்கும்படி ஆனது. ஐயா இந்தப் பக்கம் வந்துவிட்டார். அவருடைய தம்பி அங்கேயே தங்கிவிட்டார். அதன்பின் அண்ணன் தம்பி இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை.

சரி, இரண்டாவது வழிக்கு வருகிறேன். 2011இல் மலேசிய அரசு 6பி என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. பதிவு, முறைப்படுத்தல், பொது மன்னிப்பு, கண்காணிப்பு, அமலாக்கம், வெளியேற்றம் என்று ஆறு கட்டம். மலாயில் ஆறும் 'பி'யில் தொடங்கும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காகிதமில்லாத் தொழிலாளர்கள் வந்து கைரேகை வைத்தார்கள், நானும் வைத்தேன். அதுவரை சோதனைக்குச் சிக்காமல் ஒளிந்திருந்த அத்தனை பேரும் தாங்களாக வரிசையில் வந்து நின்றார்கள். யார் உள்ளே இருக்கிறான் என்று தெரியாமல் என்ன பாதுகாப்பு? எல்லைப் பாதுகாப்பு பேசுகிறவர்கள் இதை ஏன் தங்கள் பக்கத்து நியாயமாக எடுத்துக்கொள்வதில்லை என்பது எனக்கு விளங்கவே இல்லை.

2012இல் பெர்மிட் வந்தது. மருத்துவப் பரிசோதனை, லெவி (வெளிநாட்டுத் தொழிலாளருக்கான வரி), இன்ஷூரன்ஸ் எல்லாம் கட்டினோம். அதாவது அரசுக்கு என்னால் வரும்படியும் வந்தது. 2013இல் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்றதும் இரண்டு மாத லீவில் ஊருக்கு வந்தேன். கோலாலம்பூர் விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து முத்திரை குத்திக் கொடுத்தபோது என் கை நடுங்கியது. வீட்டுக்குப் போய் அப்பா படத்துக்கு மாலை போட்டேன். அம்மாவை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்புறம் திரும்பிப் போய் அதே அடுப்பில் நின்றேன். 2018இல் போதும் என்று தோன்றியபோது நானாக வந்துவிட்டேன். யாரும் பிடித்து அனுப்பவில்லை.

இந்த வழியிலும் ஓட்டை உண்டு. பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது அங்கே 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், ஆனால் நான் பார்த்த கடைகளில் பாதிக்கு மேல் அதுதான் வழக்கம். என் முதலாளி நல்லவர், கேட்டதும் கொடுத்தார். என்னோடு அறையில் இருந்த அறந்தாங்கிப் பையனின் முதலாளி கொடுக்கவில்லை. சம்பளம் நின்றதும் அவன் வேறு கடைக்குப் போனான், மறுநாளே 'ஓடிப்போனவன்' ஆனான். முறையாக வந்த பையன் ஒரே நாளில் காகிதம் இல்லாதவனானது இப்படித்தான். வாசல் திறந்தால் மட்டும் பற்றாது, முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமையும் வேண்டும். அது இல்லாததால்தான் சில வருடத்துக்கு ஒருமுறை மன்னிப்புத் திட்டம் தேவைப்படுகிறது. 2019இல் 700 வெள்ளி கட்டிவிட்டு ஊர் போகலாம் என்றார்கள், 2024இல் 500 வெள்ளி என்றார்கள்.

மன்னிப்பு கொடுத்தால் அதை நம்பி இன்னும் பலர் வருவார்கள் என்ற வாதத்தையும் தள்ளிவிட முடியாது. 1986இல் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டத்தால் அமெரிக்காவில் ஏறத்தாழ 27 லட்சம் பேருக்குக் காகிதம் கிடைத்தது. இருபது ஆண்டுகள் கழித்து, காகிதம் இல்லாதவர்கள் ஒரு கோடியைத் தாண்டினார்கள். என் கணக்கில் அங்கே தவறியது இரண்டு இடத்தில். வேலை கொடுப்பவனைக் கண்டிக்கும் பகுதி ஏட்டோடு நின்றது. புதிதாக வருபவனுக்குப் போதிய வேலை விசாவும் இல்லை. மலேசியச் சட்டத்தில் முதலாளிக்கு ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. ஆனால் சோதனையில் லாரி ஏறியவர்களில் ஒரு முதலாளியைக்கூட நான் பார்த்ததில்லை. நான் அமெரிக்கா போனவன் இல்லை, அதனால் அங்கத்து விஷயத்தை இதற்கு மேல் அடித்துப் பேச மாட்டேன். எங்களைப் போன்றவர்கள் வந்ததால் கிள்ளானில் உள்ளூர்த் தமிழ்ப் பிள்ளைகளின் கூலி குறைந்திருக்கலாம். அப்படி என்னிடம் நேரில் சொன்னவர்கள் உண்டு, அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. உயிருக்குப் பயந்து ஓடி வருபவர்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. 2022இல் இலங்கையிலிருந்து வந்து தனுஷ்கோடி மணல்திட்டில் கைக்குழந்தையோடு நின்றவர்களைப் பெர்மிட் தராசில் நிறுக்க முடியாது.

கிளம்ப நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் மலேசியாவுக்கு விசா இல்லாமல் முப்பது நாள் போய்வரலாம். சுற்றிப் பார்க்க நல்லது. ஏஜென்டுகளுக்கும் இது ரொம்ப வசதியாகிவிட்டது. வேலைக்குப் போவதென்றால் இந்திய வெளியுறவுத் துறையின் இமைக்ரேட் (eMigrate) இணையதளத்தில் அந்த ஏஜென்டின் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்றவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம்.

போன மாதம் அக்கா மகன் வந்து நின்றான். "மாமா, விசாவே வேணாமாம், டிக்கெட் போட்டாப் போதுமாம், எழுபதாயிரம் கேக்குறாரு" என்றான். "மாப்பிள்ளை, அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளு. அடுத்த வருசம் குன்றக்குடி தைப்பூசத்துக்கு நான் ஊருக்கு வந்துட்டு மறுபடி அங்கே போக முடியுமான்னு கேளு" என்றேன்.

கேட்டிருக்கிறான். "முதல்ல போய்ச் சேரு தம்பி, அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றாராம். மாப்பிள்ளை அந்த எழுபதாயிரத்தைக் கொடுக்கவில்லை. பாஸ்போர்ட் அக்கா வீட்டுப் பீரோவில் இருக்கிறது. பெர்மிட் கடிதம் வரட்டும் என்று காத்திருக்கிறான்.