கதவு சுவிச் மூன்று வகை: கடற்கரைக் காற்றுக்கு எது தாங்கும்?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ வாகன உதிரிப்பாகக் கடையில் "கதவு சுவிச்" என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று விதமான சாமான் மேசைக்கு வரும். பெட்டியோடு வரும் ஒரிஜினல், ஜப்பான் வாகனத்தில் கழற்றிய பாவித்தது, பெயரே இல்லாத மலிவானது. பார்வைக்கு மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி. வித்தியாசம் றப்பரிலும் ஸ்பிரிங்கிலும் இருக்கிறது.

சுவிச்சின் வேலை எளிது. ரூம் லைட்டின் ஒரு முனையில் பியூஸ் வழியாக 12 வோல்ட் எப்போதும் நிற்கும். மறுமுனை வயர் கதவுத் தூணிலுள்ள சுவிச்சுக்குப் போகும். கதவு திறந்தால் ஸ்பிரிங் குமிழை வெளியே தள்ளும், உள்ளே தகடுகள் தொடும், மின் ஸ்குரூ வழியாக பொடிக்கு, அதாவது வாகனத்தின் இரும்பு உடலுக்கு, இறங்கி லைட் எரியும். கதவு மூடினால் குமிழ் அமுங்கித் தொடுப்பு விலகும். டேஷ்போர்ட்டில் கதவு அடையாளம், சாவியை விட்டு இறங்கினால் கத்தும் பஸர், சென்றல் லொக் எல்லாம் இருக்கிற வாகனத்தில் அவையும் இந்தச் சேதியைத்தான் பார்த்திருக்கும்.

ஒற்றை வயர் சுவிச்சில் ஏர்த் கிடைப்பதே அந்த ஒரு ஸ்குரூவால்தான். கல்லடி மாதிரி ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று கிடக்கும் இடங்களில் துரு முதலில் பிடிப்பதும் அதன் அடியில்தான். ஆகவே காசு கொடுக்க முன் ஒரு சோதனை: சுவிச்சைக் கழற்றி, அதன் வயர் முனையை பொடியின் சுத்தமான இரும்பில் தொட்டுப் பாருங்கள். லைட் எரிந்தால் வயரும் பல்பும் சரி. பிறகு அதே இரும்புக்கும் சுவிச்சின் ஸ்குரூத் துளைத் தகட்டுக்கும் இடையில் ஒரு வயரைப் பிடித்து, சுவிச்சை அதன் பழைய வயரில் திரும்பக் கொழுவுங்கள். இப்போது எரிந்தால் குற்றம் ஸ்குரூவில். சாண்ட் பேப்பர் போட்டால் புதுச் சுவிச் தேவையில்லை. கழற்றும்போது வயரை உடுப்புக் கிளிப்பால் பிடித்து வையுங்கள். தூணுக்குள் நழுவினால் அரை நாள் வேலை.

மலிவான சாமானை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம். றப்பர் உறை மெல்லிசு, வெயிலில் வெடிக்கும். மாரி மழை தொடங்கியதும் வெடிப்பால் ஈரம் இறங்கி உள்ளே தகட்டில் பச்சைக் களிம்பு பூக்கும். குமிழின் நீளமும் கவனிக்க வேண்டியது. ஒன்றிரண்டு மில்லிமீற்றர் குறைந்தாலே மூடிய கதவு அதை முழுசாக அமுக்காது, லைட் எரிந்துகொண்டே நிற்கும். 10 வாட் பல்ப் கிட்டத்தட்ட 0.8 அம்பியர் இழுக்கும். 35 அம்பியர்-மணி பற்றரி கணக்குப்படி 40 மணித்தியாலத்துக்கு மேல் தாங்க வேண்டும், ஆனால் ஸ்டார்ட்டர் அதற்கு நெடுநேரம் முன்பே மக்கர் பண்ணும். எல்.ஈ.டி. பல்ப் மாற்றிய வாகனத்தில் கதவு மூடிய பிறகும் மங்கலாக ஒரு வெளிச்சம் தெரிந்தால் சுவிச்சுக்குள் ஈரத்தால் கரண்ட் கசிகிறது என்று சந்தேகியுங்கள்.

பாவித்த ஒரிஜினல்தான் காசுக்கு ஏற்றது, பார்த்து எடுத்தால். றப்பர் நுனியில் ஓட்டை இருக்கக் கூடாது. இருபது தரம் அமுக்கி விடுங்கள். ஒரு தரமாவது குமிழ் மெதுவாக எழும்பினால் வேண்டாம். மல்டிமீட்டரின் ஒரு முனையை வயர் மாட்டும் ஊசியிலும் (pin) மற்றதை ஸ்குரூத் துளைத் தகட்டிலும் வையுங்கள். விட்ட நிலையில் பூச்சியத்துக்குக் கிட்ட, அமுக்கினால் தொடுப்பே இல்லை என்று காட்ட வேண்டும். சில ஓம் ஏறி இறங்கினால் தகடு கருகியிருக்கிறது. இரண்டு, மூன்று ஊசி உள்ளவையும் உண்டு, அவற்றுக்குக் கொனெக்டரை ஒப்பிட்டே வாங்குங்கள்.

புது ஒரிஜினலில் குறை சொல்ல விலையைத் தவிர ஒன்றுமில்லை. டொயோட்டாவுக்கு என்றால் பாக எண் 84231 என்று தொடங்கும். மிச்ச எண்ணும் பொருந்த வேண்டும். சாரதிக் கதவுக்கு மட்டுமாவது இதைப் போடலாம், அதிகம் அடிபடுவது அதுதான்.

எதைப் போட்டாலும் றப்பரைச் சுற்றி சிலிக்கன் கிறீஸ் மெல்லிசாகப் பூசுங்கள். என்ஜின் ஒயில் வேண்டாம், றப்பர் ஊதி இளகிவிடும். சம்மாந்துறைப் பக்கம் நெல் வெட்டுக் காலத்தில் ஓடும் வாகனத்துக்குக் கிறீஸ் இன்னும் குறைவாக, இல்லாவிட்டால் வைக்கோல் தூசி ஒட்டிக் களியாகும். வான் (van) வாகனத்தின் இழுவைக் கதவில் தூணிலும் கதவிலும் தொடுமுனைகள் உள்ள வகை என்றால் அவற்றைத் துடைத்தாலே பல நேரம் போதும்.

தூணில் குமிழே இல்லையா? அப்படியானால் சுவிச் கதவுப் பூட்டுக்குள் இருக்கிறது. பூட்டின் கொக்கி சுழன்று உள்ளேயுள்ள மைக்ரோ சுவிச்சை அமுக்கும் வகை இது. பழைய கிறீஸ் இறுகி, கொக்கி முழுசாகத் திரும்பாததே இதில் வழமையான நோய். அதனால் முழுப் பூட்டையும் வாங்க அவசரப்பட வேண்டாம். கொன்டக்ட் கிளீனர் அடித்து, காய்ந்த பிறகு கொக்கிக்கு மட்டும் வெள்ளை லிதியம் கிறீஸ் வைத்துப் பாருங்கள். சோதிக்க, கதவைத் திறந்து வைத்தபடி ஸ்குரூடிறைவரால் கொக்கியை இரண்டு "டக்" கேட்கும்வரை தள்ளுங்கள். லைட் அணைந்தால் சுவிச் உயிரோடு இருக்கிறது. கதவைச் சாத்த முன் வெளிக் கைபிடியை இழுத்துக் கொக்கியை விடுவியுங்கள். மறந்து அடித்துச் சாத்தினால் பூட்டே வளைந்துபோகும்.