ஜப்பானில் முதல் வருடம்: பல்கலைக்கழக விடுதியா, தனி அறையா, ஷேர் ஹவுஸா?

சேர்க்கைக் கடிதத்தோடு பல ஜப்பானியப் பல்கலைக்கழகங்கள் விடுதி விண்ணப்பத்தையும் அனுப்பும். அதை நிரப்பலாமா, போய் இறங்கியபின் தனி அறை பார்த்துக்கொள்ளலாமா, பலர் பகிர்ந்து வாழும் ஷேர் ஹவுஸில் ஒதுங்கலாமா என்ற குழப்பத்திலேயே கெடு தேதி போய்விடும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் வருடத்துக்கு நான் விடுதிக் கட்சி. நான் எடுத்ததும் அதுதான் என்பதால் தராசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். எண்களைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மாத வாடகை எல்லோரும் பார்ப்பதுதான். விடுதி என்றால் பெரும்பாலும் 20,000 முதல் 50,000 யென். டோக்கியோவின் 23 வார்டுகளுக்குள் ஒரு அறை, ஒரு சின்ன சமையலிடம் கொண்ட ‘1கே’ வீடு மலிவான வார்டுகளில் 60,000 முதல் 80,000, மையப் பகுதிகளில் அதற்கும் மேல். சிறிய நகரங்களில் அதில் பாதிக்கும் கிடைக்கும். ஆளைக் கவிழ்ப்பது வாடகை இல்லை. உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் கட்டும் பணம்.

60,000 யென் வாடகை அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஷிகிகின் ஒரு மாத வாடகை, 60,000. நம்மூர் அட்வான்ஸ் மாதிரி, கழிவு போக மிச்சம் திரும்பும். ரெய்கின் இன்னொரு 60,000. இது வீட்டுக்காரருக்கே, திரும்பாது. புரோக்கர் கமிஷன் சட்டப்படி அதிகபட்சம் ஒரு மாத வாடகையும் 10 சதவீத வரியும், ஆக 66,000. உங்களுக்கு ஜாமீன் நிற்கும் உத்தரவாத நிறுவனத்துக்கு வாடகையில் பாதி முதல் முழுசு வரை. பாதி என்றே வைத்தால் 30,000. தீ விபத்துக் காப்பீடு இரண்டு வருடத்துக்கு சுமார் 18,000, பூட்டு மாற்ற 18,000, முதல் மாத வாடகை 60,000. கூட்டினால் 3,12,000 யென். சாவி கைக்கு வரும் முன்பே ஐந்து மாத வாடகைக்கு மேல் போய்விட்டது. மாத நடுவில் குடிபோனால் அந்த மாதத்து மீதி நாள் வாடகையும் சேரும்.

இதில் திரும்பாத பணம் மட்டும் 1,92,000. ஒரு வருடத்தில் காலி செய்தால் மாதத்துக்கு 16,000 வீதம் ஏறி, 60,000 அறை உண்மையில் 76,000 அறையாகிறது. அதே அறையில் நான்கு வருடம் இருந்தால், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டும் புதுப்பிப்புக் கட்டணம், காப்பீடு, ஜாமீன் நிறுவனத்தின் ஆண்டுக் கட்டணம் எல்லாம் சேர்த்தும் மாதத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம்தான் கூடும். அதனால் பரிமாற்றத் திட்டத்தில் ஆறு மாதமோ ஒரு வருடமோ போகிறவர் தனி அறையை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். நான்கு வருடப் பட்டத்துக்கோ முனைவர் பட்டத்துக்கோ போகிறவருக்குக் கதை வேறு.

‘ஷிகிகின் பூஜ்யம், ரெய்கின் பூஜ்யம்’ என்று விளம்பரம் வரும். ஒப்பந்தத்தின் சிறப்பு நிபந்தனைப் பகுதியைப் பாருங்கள். ஒரு வருடத்துக்குள் போனால் ஒரு மாத வாடகை அபராதம், போகும்போது சுத்தம் செய்ய 30,000 முதல் 40,000 என்று அங்கே உட்கார்ந்திருக்கும்.

அடுத்து, வெறும் அறை. ஏசி பெரும்பாலும் இருக்கும். திரைச்சீலை, விளக்கு, அடுப்பு, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பல வீடுகளில் இருக்காது. முதல் இரவு இருட்டில் படுப்பவர்கள் நிஜமாகவே உண்டு. ரீசைக்கிள் கடைகளில் பழைய சாமான் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அடுப்பு வாங்கும்போது கவனம். குழாயில் வரும் நகர எரிவாயுவுக்கான அடுப்பும் புரொபேன் சிலிண்டருக்கான அடுப்பும் வேறு வேறு. ஒன்றை இன்னொன்றில் மாட்டினால் எரியாது, அல்லது ஆபத்தாக எரியும். அடுப்பின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12ஏ, 13ஏ என்றிருந்தால் நகர எரிவாயு. எல்பி என்றிருந்தால் சிலிண்டர். உங்கள் வீட்டில் எது என்று தெரியாமல் அடுப்பு வாங்காதீர்கள். சிலிண்டர் வீடு என்றால் எரிவாயு பில்லும் கூடுதலாக வரும். குளிக்கும் வெந்நீரும் அதிலேதான். மின்சாரமும் தண்ணீரும் இணையத்திலோ தொலைபேசியிலோ திறந்துவிடலாம். எரிவாயுவுக்கு மட்டும் ஊழியர் வரும்போது நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். மார்ச், ஏப்ரலில் அந்த நேரம் கிடைக்கச் சில நாள் ஆகும். அதுவரை பச்சைத் தண்ணீர்க் குளியல்.

வெளியேறும்போது ஃப்ரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் தெருவில் வைத்துவிட்டு வர முடியாது. 2001 முதல் நடப்பில் உள்ள மறுசுழற்சிச் சட்டப்படி ஏசி, டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆகியவற்றைப் பணம் கட்டித்தான் அப்புறப்படுத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சில ஆயிரம் யென், எடுத்துப்போகும் கூலி தனி. சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் ஜூனியரை ஒரு மாதம் முன்பே பிடித்துவைப்பது நல்லது.

ஷிகிகின் எவ்வளவு திரும்பும் என்பது நம் சமையலைப் பொறுத்தது. வெயிலில் வெளுத்த தாதாமி (தரையில் பதித்த கோரைப்பாய்), மேசைக்கால் பதிந்த தடம் போன்ற சாதாரணத் தேய்மானம் குடியிருப்பவர் பொறுப்பல்ல என்று 2020 ஏப்ரலில் நடப்புக்கு வந்த சிவில் சட்டத் திருத்தம் தெளிவாகவே சொல்கிறது. எண்ணெய்ப் பிசுக்கும், துடைக்காமல் விட்ட ஈரத்தில் பிடித்த பூஞ்சையும் உங்கள் தலையில்தான். கடுகு தாளித்தால் அடுப்புக்குப் பின்னால் உள்ள வினைல் சுவர்த்தாளில் மஞ்சளாகப் புள்ளி விழும், அது துடைத்தால் போகாது. நூறு யென் கடையில் அலுமினியத் தடுப்புத் தகடும் புகைபோக்கி வடிகட்டித் தாளும் விற்கிறார்கள். முதல் நாளே மாட்டுங்கள். குடிபோன அன்றே எல்லாச் சுவரையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

விடுதியில் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை கிடையாது. சிறிய நுழைவுக் கட்டணம் அல்லது வைப்புத்தொகை, கட்டில், மேசை, விளக்கு எல்லாம் தயார். இன்னொரு பெரிய வசதி முகவரி. ஜப்பானில் வசிப்பிடம் அமைந்த 14 நாட்களுக்குள் வார்டு அலுவலகத்தில் பதிந்து, ரெசிடென்ஸ் கார்டின் பின்புறம் முகவரி எழுதி வாங்க வேண்டும். அது இல்லாமல் மாதாந்திர ஃபோன் இணைப்பும் வங்கிக் கணக்கும் கஷ்டம். வீட்டு புரோக்கரோ ஃபோன் எண், வங்கிக் கணக்கு, அவசரத்துக்கு ஜப்பானில் ஒரு ஆள் என்று மூன்றும் கேட்பார். விடுதி முகவரி இந்த முடிச்சை முதல் வாரத்திலேயே அவிழ்த்துவிடும்.

குறைகளும் உண்டு. பொதுச் சமையலறை, மாலை ஏழு மணிக்கு வரிசை. பல இடங்களில் இண்டக்ஷன் அடுப்பு, நாம் கட்டிக்கொண்டு போகும் அலுமினிய குக்கர் அதில் சூடேறாது. மிக்ஸியும் எடுத்துப் போக வேண்டாம். அங்கே மின்சாரம் 100 வோல்ட், 230 வோல்ட் மிக்ஸி முனகும், அரைக்காது. சாப்பாட்டோடு வரும் தனியார் மாணவர் விடுதிகள் சைவர்களுக்கு வீண்செலவு: மிசோ சூப்பிலிருந்து வேகவைத்த காய் வரை தாஷி என்ற மீன் சாறு கலந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், பல பல்கலைக்கழகங்கள் விடுதியை ஆறு மாதமோ ஒரு வருடமோதான் தரும். இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் குலுக்கல் வேறு.

ஷேர் ஹவுஸைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது ஒப்பந்தத்தை மட்டும்தான். மற்றது கூட இருப்பவர்களைப் பொறுத்தது. பெரும்பாலும் ரெய்கினும் தனி ஜாமீனும் கேட்பதில்லை, சாமான் இருக்கும், மின்சாரம், தண்ணீர், இணையம் ஒரே தொகைக்குள் வரும். ஆனால் பல வீடுகளில் குறித்த காலக் குத்தகைதான், தானாக நீளாது. அந்த முகவரியில் குடியிருப்புப் பதிவு செய்யலாமா என்று பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள். முடியாது என்றால் வேறு வீடு பாருங்கள். விடுதி கிடைக்காமல் போனவருக்கு முதல் மூன்று மாதத்துக்கு இது போதும்.

நீண்ட படிப்புக்குப் போகிறவர் விடுதியில் ஆரம்பித்து, ஊரையும் ரயில் தடத்தையும் புரிந்துகொண்டபின் தனி அறைக்கு மாறுவதே லாபம். விடுதிக் காலம் மார்ச்சில் முடிகிறதென்றால் டிசம்பரிலிருந்தே தேடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் நாடே வீடு மாறும், அறை காலையில் பார்த்தால் மாலையில் இருக்காது. செப்டம்பரில் முடிந்தால் அதிர்ஷ்டம், ரெய்கினைக் குறைக்கச் சொல்லிப் பேரம்கூடப் பேசலாம். பல்கலைக்கழகமே ஜாமீன் நிற்கும் ஏற்பாடு உண்டா என்று மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு புரோக்கரிடம் போங்கள். மாறிய 14 நாட்களுக்குள் மறுபடி வார்டு அலுவலகம். தபால் நிலையத்தில் ஒரு படிவம் கொடுத்தால் பழைய முகவரிக்கு வரும் கடிதங்களை ஒரு வருடம் புது முகவரிக்கு இலவசமாக அனுப்பிவைப்பார்கள். வங்கிக்கும் ஃபோன் நிறுவனத்துக்கும் தனித்தனியாகத்தான் சொல்ல வேண்டும்.