ரகசியப் பள்ளிப் பத்திரிகை: கையெழுத்தா, ஜெராக்ஸா, செல்போனா?

1993-ல் பிளஸ் ஒன் படிக்கும்போது நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு பத்திரிகை நடத்தினோம், பள்ளிக்குத் தெரியாமல். மொத்தம் மூன்றே இதழ். தண்ணீர் வராத கழிவறையும், கணக்குப் பாடம் விழுங்கிவிடும் பி.டி. பீரியடும்தான் எங்கள் செய்திகள். இப்போது ஒன்பதாவது படிக்கும் என் அக்கா மகளுக்கும் அதே ஆசை வந்திருக்கிறது. "மாமா, எதுல போட்டா நல்லா இருக்கும்?" என்று கேட்டாள். அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பள்ளி ஆண்டு மலரிலேயே எழுதலாமே என்பார்கள். மலர் பள்ளியுடையது, அதில் எது வரலாம் என்பதைப் பள்ளிதான் முடிவு செய்யும். அமெரிக்காவில் இந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. மிசௌரி மாநிலத்து ஹேசல்வுட் பள்ளியில், 1983-ல் மாணவிகளின் கர்ப்பம், பெற்றோரின் விவாகரத்து பற்றிய கட்டுரைகள் இருந்த இரண்டு பக்கங்களைத் தலைமையாசிரியர் மாணவர் பத்திரிகையிலிருந்து எடுத்துவிட்டார். 1988-ல் ஐந்து நீதிபதிகள் ஆதரவாகவும் மூவர் எதிராகவும் நிற்க, தீர்ப்பு அவர் பக்கமே வந்தது. பள்ளியின் ஆதரவில், பாடத்தின் பகுதியாக வரும் பத்திரிகை என்பதுதான் காரணம். ஆக, கழிவறையைப் பற்றி எழுத வேண்டுமென்றால் தனிப் பத்திரிகைதான்.

எங்கள் முதல் இதழ் கையெழுத்து. ரஃப் நோட்டின் நடுவிலிருந்து தாள்களைப் பிரித்து, ஊசி நூலால் தைத்தோம். ஒரே பிரதி. பெஞ்சு பெஞ்சாகக் கைமாறி நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது, ஓரமெல்லாம் பென்சிலில் பதில் எழுதியிருந்தார்கள். யார் யாரோ சண்டை போட்டிருந்தார்கள். அப்படி ஒரு வாசிப்பு எங்களுடைய அடுத்த இரண்டு இதழ்களுக்கும் கிடைக்கவில்லை.

ஒரு பிரதி போதுமா என்று கேட்பவர்களுக்கு 'வெதெம்' பற்றிச் சொல்வேன். நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்திருந்த தெரேசினில், 1942 முதல் 1944 வரை சிறுவர்கள் ரகசியமாக நடத்திய வாரப் பத்திரிகை அது. ஆசிரியர் பெட்ர் கின்ஸுக்குத் தொடங்கும்போது வயது 14. வெள்ளிக்கிழமைதோறும் எல்லோரும் கூடி உட்கார, அந்த ஒரு பிரதியைச் சத்தமாக வாசித்தார்கள். பெட்ர் பிறகு நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில் கொல்லப்பட்டான். உயிர் பிழைத்த பையன் ஒருவன் ஒளித்துவைத்திருந்ததால் சுமார் 800 பக்கங்கள் இன்றும் இருக்கின்றன. எங்கள் கழிவறைச் செய்தியை அதன் பக்கத்தில் வைக்கக் கூடாது. ஆனாலும் ஒரே ஒரு பிரதியால் எவ்வளவு முடியும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியாது.

கையெழுத்தின் ஆபத்து கையெழுத்துதான். என் நண்பன் எழுதும் 'ழ'வின் கீழ்ச்சுழி நீண்டு அடுத்த வரியைத் தொடும். தமிழ் ஐயா அவனைக் கூப்பிட்டு, கட்டுரை நோட்டையும் எங்கள் பத்திரிகையையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, இரண்டு 'ழ' மேலும் விரலை வைத்தார். அவன் வெலவெலத்துப் போனான். அவர் ஹெச்.எம்.மிடம் சொல்லவில்லை. "எழுதுங்கடா. ஆனா யாரு மேலயும் பொய் எழுதாதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். பெயர் போடாமல் எழுதுகிறவனுக்கு இதைவிட முக்கியமான விதி கிடையாது.

சைக்ளோஸ்டைலை இப்போது பேசிப் பயனில்லை. மெழுகுத் தாளில் டைப் அடித்து, மை உருட்டி நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். எமர்ஜென்சியில் தணிக்கைக்குத் தப்பி இப்படித்தான் பல தாள்கள் சுற்றின. ஆனால் எங்களுக்குத் தெரிந்த ஒரே மெஷின், கேள்வித்தாள் எடுக்கும் பள்ளி அலுவலக மெஷின்.

அப்புறம் ஜெராக்ஸ். ஏ4 தாளில் இரண்டு பக்கமும் எடுத்து நடுவில் மடித்தால் நாலு பக்கப் பத்திரிகை. கையெழுத்துச் சிக்கலுக்கும் வழி கண்டுபிடித்தோம்: வேறு பள்ளியில் படித்த நண்பனின் தம்பி முழுவதையும் அழகாகப் பிரதி எடுத்துக் கொடுத்தான். பள்ளிக்கு எதிரில் இருக்கும் கடைக்கு மட்டும் போகக் கூடாது, அங்கே வாத்தியார்கள் வருவார்கள். நாங்கள் பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போனோம். முதல் நாலு தாளில் பின்பக்கம் தலைகீழாக விழுந்து காசு வீண். மிச்சம் 40 பிரதியைக் காலை மணி அடிப்பதற்கு முன்னால் மேசைகளுக்குள் வைத்துவிட்டோம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை: கலர் லேசர் பிரிண்டர்கள் பலவற்றில் கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் புள்ளிகளாக மெஷினின் எண் பதிவாகும். 2005-லேயே ஒரு மாடலின் புள்ளிகளைப் படித்துக் காட்டிவிட்டார்கள். கருப்பு வெள்ளையே போதும்.

செல்போன்தான் சுலபம். பிடிஎஃப் செய்து வாட்ஸ்அப்பில் போட்டால் காசே இல்லை. ஆனால் ரகசியத்துக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது. குரூப்பில் போட்டவரின் எண் தெரியும். பிடிஎஃபின் விவரப் பகுதியில் அப்பாவின் கம்ப்யூட்டரில் இருக்கும் பெயர் தானாக ஏறியிருக்கும். பத்தே நிமிடத்தில் பெற்றோர் குரூப்புக்கும் போய்விடும். ஒரு பெண் பிள்ளையின் எண் அப்படி ஊர் சுற்றுவது எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொன்று, தாள் கிழிந்துபோகும், கோப்பு கிழியாது. 14 வயதில் கோபத்தில் எழுதியது 25 வயதில் யாரோ ஒருவர் போனில் இருக்கும்.

அதனால் என் ஓட்டு கருப்பு வெள்ளை ஜெராக்ஸுக்கே. முதல் இதழை மட்டும் ஒரே பிரதியாகக் கையால் எழுதிப் பார்க்கச் சொன்னேன், ஓரத்தில் இடம் விட்டு.

நேற்று தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். முதல் பக்கத் தலைப்பு: 'குடிதண்ணீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள்?' கீழே இன்னும் காலியாக இருந்தது. திங்கட்கிழமை வாட்ச்மேன் தாத்தாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுவாளாம்.